கிணற்றில் ஆறில் ஒரு பங்கு

நம்மவர்க்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். மகன் காலத்தில் அதுவும் மாறிவிடுகிறது. மகளுக்கோ மணநாளன்று இன்னொருமுறை மாறுகிறது. ஆங்கில நாட்டில் ஞானஸ்நானம், விவாகம், மரணம் மூன்றையும் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஏட்டிற் பதியவேண்டும் என்று 1538ஆம் ஆண்டிலேயே ஆணை பிறந்தது. அங்கே ஒரு கிராமவாசி தன் குலப்பெயரைக் கைப்பிடியாகக் கொண்டு பல தலைமுறை பின்னோக்கி நடந்து செல்லலாம். மண்கும்பானிற் பிறந்த எம்போன்றார்க்கு அவ்வழி இல்லை. இலங்கை முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவே 1867இல்தான் வந்தது.

எமக்கு எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று கல்வெட்டு. வெளியூர் வாசகர்கள் கோயிற் சுவரை நினைத்துவிடலாகாது. இறந்தவரின் முப்பத்தோராம் நாளன்று அச்சிட்டு வழங்கும் சிறு நூலையே யாழ்ப்பாணத்தில் அவ்வாறு அழைக்கிறோம். திதி வெண்பா, தேவாரம், இறந்தவரின் வரலாறு, இறுதியில் வம்சாவளி. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபின், வீட்டுப் பெட்டிகளிற் கிடந்த இச் சிறு நூல்களின் அருமை சிலருக்கேனும் புலப்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் இவையும் சேர்த்துப் பாதுகாக்கப்படுகின்றன.

மற்றையது காணி உறுதி. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். (தோம்பு போர்த்துக்கேயர் தந்த சொல், கந்தோரும் நொத்தாரிசும் ஒல்லாந்தர் தந்தவை, உறுதி மட்டுமே தமிழ்.) 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது எம் ஊரவர் கையில் அகப்பட்டதோடு வெளியேறினர். பத்து வயதுச் சிறுவனாயிருந்த எம்மிடம் அன்னையார் சுமக்கக் கொடுத்தது ஒரு தகரப் பெட்டி. உள்ளே நகை இருந்ததோ என்றால் இல்லை, உறுதிகளே இருந்தன.

அவ்வுறுதிகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். கல்வெட்டு ஆண்வழியே செல்லும். உறுதி பெண்வழியே செல்லும். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707இல் தொகுத்து, பன்னிரு முதலிமார் பார்த்து ஒப்பிய தேசவழமை, தந்தைவழி வந்ததை முதுசம் என்றும், தாய்வழி மகளுக்குச் செல்வதைச் சீதனம் என்றும், தம்பதிகள் ஈட்டியதைத் தேடியதேட்டம் என்றும் வகுத்தது. எமது வளவு சீதனக் காணி. ஆகவே அதன் உறுதிகள் 1881, 1904, 1927 என்று தாயிடமிருந்து மகளுக்கு இறங்கி வருகின்றன.

அவ்வளவில் ஒரு கிணறு உண்டு. மண்கும்பானின் மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அதுவே எமது நன்னீர். அளவறிந்து அள்ளவேண்டிய நீராதலால் அதனைப் பங்கிடுவதில் முன்னோர் மிகுந்த நுட்பம் காட்டினர். 1881ஆம் ஆண்டு உறுதியிற் கிணறு முழுவதும் ஒருத்திக்கு. 1904இல் அரைப்பங்கு, அக்காமார் தங்கைமாராய் இருவர் என்று கொள்ளலாம். 1927இல், எம் அம்மம்மாவுக்கு எழுதிய சீதனத்தில், “கிணற்றில் ஆறில் ஒரு பங்கும் துலாவும் வழி வாய்க்காலும்” என்று இருக்கிறது.

ஆறில் ஒன்று! அரையை இருவருக்குப் பகிர்ந்தால் நாலில் ஒன்று வரவேண்டும். ஆறில் ஒன்று வருமாயின் சகோதரிகள் மூவர். அம்மம்மாவின் கல்வெட்டோ, அவருக்குத் தங்கை ஒருவரே என்று வெண்பாவிலும் உரைநடையிலும் இருமுறை கூறுகிறது.

அயலூராகிய அல்லைப்பிட்டிக் கரையில், சீனத்துச் சொங் அரசர் காலத்து மட்கலங்களை 1977இல் ஜோன் கார்ஸ்வெல் ஆராய்ந்தார். 2018இல் ஷாங்காய் அரும்பொருளகத்தாரும் வந்து அகழ்ந்தனர். தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன் உடைந்த கலத்தின் ஊர் தெரிகிறது. நூறு ஆண்டுக்கு முன் அதே மணலில் நடந்த ஒரு பெண்ணின் பெயர் தெரியவில்லை. இது எம்மை உறுத்திற்று.

பெரியம்மாவிடம் சென்றோம். எண்பத்தைந்து கடந்தும் நினைவு மழுங்காதவர். உறுதியைப் படித்துக் காட்டியதும் சற்றுநேரம் பேசாதிருந்தார்.

“அது நடுவிலாள், தம்பி. நான் பிறக்கமுந்தியே போயிட்டா. புருசனுக்கு மலாயாவிலை ரயில்வே வேலை. கலியாணம் முடிச்ச கையோடை கப்பலேறினவ. அங்கை பிள்ளைப்பேற்றிலை தாயும் போய்ப் பிள்ளையும் போச்சு. கடிதம் வந்த நாளிலையிருந்து அம்மா அந்தக் கிணத்தடியிலை அவவின்ரை பேர் சொல்லமாட்டா.”

“கல்வெட்டில் ஏன் இல்லை, பெரியம்மா?”

“சந்ததி இல்லாத ஆளை மரத்திலை எங்கை கொண்டுபோய்க் கொழுவிறது எண்டு விட்டிருப்பினம். உறுதி எழுதினவனுக்கு அந்தக் கவலை இல்லை. பங்கு பங்குதானே.”

பெயரையும் கூறினார். குடும்பத்தார்க்குரிய அப்பெயரை இங்கே அச்சிடவில்லை.

உறவினர் எல்லோரும் இதை விரும்பினர் என்று சொல்வதற்கில்லை. பழைய துயரத்தைக் கிளறுவானேன் என்றார் ஒருவர். மலேசியாவிலிருந்து எவராவது பங்கு கேட்டு வந்துவிடுவார்களோ என்று அஞ்சினார் இன்னொருவர். இரண்டாவது அச்சமே குடும்ப வரலாறுகள் பலவற்றை மௌனமாக்கியது என்பது எமது எண்ணம்.

சென்ற ஆண்டு பெரியம்மா காலமானார். முப்பத்தோராம் நாட் கல்வெட்டை எழுதும் பணி எம்மிடம் வந்தது. 1881இல் தொடங்கி, தாய், மகள் என்று உறுதிகள் காட்டிய வழியிலேயே வம்சாவளியை வரைந்தோம். நடுவிலாளின் பெயர் அம்மம்மாவுக்கும் தங்கைக்கும் இடையில் இடம்பெற்றது. முதல் வரியில் ஆண்பெயர் இல்லையே, விடுபட்டதோ என்று அச்சகத்தார் தொலைபேசியில் இருமுறை கேட்டனர். விடுபடவில்லை, அப்படியே அச்சிடுங்கள் என்றோம்.

பின்னர் ஒருநாள் காணிக் கந்தோருக்குச் சென்று பதிவேட்டையும் பார்த்தோம். அவர் விற்கவில்லை, எவருக்கும் எழுதிக் கொடுக்கவுமில்லை. அந்தக் கிணற்றில் ஆறில் ஒரு பங்கு இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.