செஞ்சிக் குரங்கும் மாப்பிள்ளையின் காரும்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் காரை நிறுத்தியபோதே, அங்கே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார். "ஐயா, கண்ணாடியை நல்லா ஏத்திவிட்டுட்டுப் போங்க. தீனி எதுவும் வெளியில தெரியக் கூடாது."

பெரியவர் சிரித்தபடி தலையாட்டினார். செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவருக்குச் செஞ்சிக் குரங்கைப் பற்றி இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா என்ன?

கார் அவருடையது இல்லை, மாப்பிள்ளையுடையது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. 2025 தீபாவளி விடுமுறைக்கு மகளும் மாப்பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரனும் சென்னையிலிருந்து அதில்தான் வந்திருந்தார்கள். கோட்டை பார்க்க வேண்டும் என்று பேரன் காலையிலிருந்தே நச்சரித்தான். லேப்டாப்பில் ஆபீஸ் வேலையாக இருந்த மாப்பிள்ளை, சாவியை எடுத்து நீட்டினார். "நீங்களே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க மாமா."

அந்தச் சாவியை வாங்கும்போது பெரியவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கார் வாங்கிய புதிதில், "பாத்து ஓட்டுங்க மாப்பிள்ளை, கீறல் விழாம வெச்சுக்கங்க" என்று போனில் பத்துமுறை சொன்னவர் அவர்தான்.

மூட்டு வலியால் ராஜகிரி உச்சிவரை ஏற முடியாது. கீழேயே கல்யாண மகால், குதிரை லாயம், களஞ்சியம், யானைக்குளம் என்று சுற்றிக் காட்டினார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. 1677-ல் சத்ரபதி சிவாஜி இதைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது முகலாயப் படை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698-ல்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

"உச்சிக்குப் போற வழியில ஒரு பெரிய பிளவு இருக்கு. அதுக்கு மேல ஒரு பாலம். அதை எடுத்துட்டா எந்தப் படையும் உள்ள வர முடியாது. வருஷக்கணக்கா முற்றுகை போட்டாங்க தெரியுமா?" என்று தாத்தா கதை சொல்ல, பேரன் வாய் பிளந்து கேட்டான்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், கார் முற்றுகையில் இருந்தது. புளியமரத்து நிழலில் நின்ற காரின் கூரைமேல் இரண்டு குரங்குகள். ஒன்று கூரையின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. குச்சியை எடுத்து விரட்டுவதற்குள், 'டப்' என்று ஒரு சத்தம். சுறாமீனின் துடுப்பு மாதிரி இருக்கும் அந்தக் கறுப்பு மூடி, இரண்டாகப் பிளந்து தரையில் கிடந்தது.

பெரியவர் துண்டுகளைப் பொறுக்கினார். கூரையில் ஒரு சின்னப் பச்சை சர்க்யூட் அட்டை மட்டும் அம்மணமாக நின்றது. நல்லவேளை, பெயின்ட்டில் கீறல் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பேரன் முகம் வெளுத்து நின்றான்.

"அப்பாகிட்ட சொல்லாத கண்ணு. தாத்தா ஒட்டிடறேன். நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம், சரியா?"

பையன் உடனே தலையாட்டினான். கொஞ்சம் அதிக வேகமாகவே ஆட்டினான். அதை அப்போது அவர் கவனிக்கவில்லை.

கடைத்தெருவில் ஒரு சின்னக் குப்பி பசை வாங்கினார். இரண்டு சொட்டு விட்டு அழுத்தினால் விரலே ஒட்டிக்கொள்ளும் ரகம். வீட்டுக்கு வந்து, எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருந்தபோது ஸ்டூல் போட்டு ஏறி மூடியை ஒட்டினார். பசை காய்ந்ததும் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதன்மேல் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தடவினார்.

"ஏங்க, கார் மேல என்ன பண்றீங்க?" என்று வாசலுக்கு வந்த மனைவி கேட்டார்.

"காக்கா எச்சம்."

ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்து எல்லோரும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை ஓட்ட, பெரியவர் முன் சீட்டில். பின்னால் பாட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவே பேரன். ஊர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, விடாமல் அடித்தது.

சிறிது தூரம் போனதும் மாப்பிள்ளை கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். "டேய், கையை எதுக்குடா தூக்கி வெச்சிருக்க?"

பதில் இல்லை. பெரியவர் திரும்பிப் பார்த்தார். பேரன் தலைக்குமேல் உள்ளங்கையைக் குழித்து ஏந்திக்கொண்டிருந்தான். கூரைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவன் பிடித்தான். இன்னொரு சொட்டு. அதையும் பிடித்து, ஓசைப்படாமல் கால்சட்டையில் துடைத்தான். ரகசியம் சீட்டில் சிந்திவிடாமல் காத்துக்கொண்டிருந்தான் பிள்ளை.

பெரியவருக்கு நெஞ்சுக்குள் எதுவோ பிசைந்தது. "மாப்பிள்ளை, வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றார்.

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னார். குரங்கு, பசை, காக்கா எச்சம்வரை. "சொல்ல வெட்கமா இருந்துச்சு மாப்பிள்ளை. அதான்."

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். "துடுப்பு போனா வேற வாங்கிக்கலாம் மாமா. இவன்கிட்ட எதுக்கு மாமா மறைக்கச் சொன்னீங்க?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவரிடம் பதில் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து, திருவண்ணாமலை சாலையில் கார் ஆடியோ வேலை பார்க்கும் ஒரு கடைக்குப் போனார்கள். பேரனும் தொற்றிக்கொண்டான். கடைக்காரர் மேலே ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "குரங்கா? வைப்பர் ரப்பர், சைடு மிரர்னு இங்க வராத கேஸே இல்லீங்க."

பின்பக்கக் கூரைத் துணியை மெல்ல இறக்கி, அவர் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. மூடி உடைந்ததால் மட்டும் தண்ணீர் உள்ளே வரவில்லை. கூரையில் ஒரு துளை போட்டு, அதன்வழியே வயரை இறக்கி, உள்ளிருந்து நட்டுப் போட்டு ஆன்டெனாவை இறுக்கியிருக்கிறார்கள். துளையைச் சுற்றி ஒரு ரப்பர் இருக்கும். குரங்கு உலுக்கியதில் அந்த ரப்பர் நகர்ந்து, மயிரிழை அளவு இடைவெளி விழுந்திருந்தது. மழைத் தண்ணீர் அதன்வழியே இறங்கி, வயரைப் பிடித்துக்கொண்டே வந்து துணியை நனைத்திருக்கிறது.

"மேல ஒட்டினீங்க, சரி. ஓட்டை கீழ இல்ல இருக்கு?" என்றார் கடைக்காரர். அவர் பசையைப் பற்றித்தான் சொன்னார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இவ்வளவு குட்டி ஆன்டெனா எப்படி வேலை செய்கிறது என்று பேரன் கேட்டான். மாப்பிள்ளை தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். எஃப்.எம். வானொலி அலை ஒன்றின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால்வாசி, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். அந்தக் காலக் கார்களில் இழுத்து நீட்டும் நீளக் கம்பி இருந்தது அதனால்தான். இப்போதைய துடுப்புக்குள் அந்த நீளத்தைச் சுருள் மாதிரி மடக்கி வைத்துவிட்டு, பலவீனமாக வரும் சிக்னலைப் பெருக்க ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு ரேடியோவிலிருந்தே மின்சாரம் போகிறது. மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? "ஷார்ட் ஆகும்!" என்றான் பையன்.

இன்ஷூரன்ஸில் கேட்கலாமா என்றார் பெரியவர். வேண்டாம் என்றார் மாப்பிள்ளை. ஒரு வருடம் க்ளெய்ம் கேட்காமல் இருந்தால், அடுத்த பிரீமியத்தில் சொந்த சேதத்துக்கான பகுதியில் 20 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. ஐந்து வருடம் கேட்காவிட்டால் அது 50 சதவிகிதம் வரை போகும். சின்னச் செலவுக்காக அதை இழப்பது நஷ்டம்தான்.

சர்க்யூட் அட்டை நல்லவேளையாகப் பிழைத்திருந்தது. அதனால் முழு செட்டையும் மாற்றத் தேவைப்படவில்லை. அடி ரப்பரும் அதே அளவு மூடியும் விழுப்புரத்திலிருந்து வரவழைக்கலாம் என்றார் கடைக்காரர். கடையில் பளபளவென்று தொங்கிய வெள்ளி நிற மூடியைப் பேரன் கேட்டான். உலோகப் பூச்சு இருந்தால் அது சிக்னலை மறைக்கும், சாதா பிளாஸ்டிக்தான் நல்லது என்று அவர் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் பொருள் வந்ததும் வேலை ஆரம்பித்தது. பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஈரம் முழுக்கக் காயவைத்தார். துளையின் விளிம்பில் துரு பிடிக்காமல் இருக்க டச்-அப் பெயின்ட் தொட்டார். புது ரப்பரை வைத்து, அளவாக இறுக்கினார். அதிகம் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி மறுபடியும் ஒழுகுமாம். மூடியின் ஓரத்தில் சிலிக்கான் பசையை மெல்லிய கோடாக விட்டார். அதிலும் விஷயம் இருக்கிறது. புளித்த காடி வாசனை அடிக்கும் சிலிக்கான், செம்பையும் தகரத்தையும் அரிக்கும். அந்த வாசனை இல்லாத 'நியூட்ரல்' ரகம்தான் இதற்குச் சரி. "24 மணி நேரம் தண்ணி படக் கூடாது, பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பணம் கொடுக்கப் பெரியவர் பர்ஸை எடுத்தார். மாப்பிள்ளை தடுக்கவில்லை. அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மறுநாள் மாலை வாசலில் சோதனை. பேரன் ஸ்டூல்மேல் நின்று கூரையில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்ற, மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ரேடியோவைத் திருப்பினார். 102.8-ல் புதுச்சேரி வானொலி தெளிவாக ஒலித்தது.

பெரியவர் பேரனைக் கீழே இறக்கிவிட்டு, அவன் உயரத்துக்குக் குனிந்தார். மூட்டு வலித்தது. "கண்ணு, அன்னைக்கு அப்பாகிட்ட சொல்லாதன்னு தாத்தா சொன்னேன்ல, அது தப்பு. இனிமே யாரு அப்படிச் சொன்னாலும், தாத்தாவே சொன்னாலும், நீ அப்பா அம்மாகிட்ட சொல்லிடணும்."

பையன் சொம்பைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "தாத்தா... நீங்க டிக்கெட் வாங்கும்போது, நான்தான் பாட்டி குடுத்த முறுக்கை அது மேல சொருகி வெச்சேன். குரங்கு வந்து சாப்பிடும்னு."

காருக்குள் இருந்து மாப்பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. ரேடியோவையும் மீறி.