முதுகில் ஒரு மூலிகைக் கடை!

‘ஜாமூ... ஜாமூ...’

காலையில் இந்தக் குரல் கேட்டதும் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் சந்து வீடுகளின் கதவுகள் திறக்கும். மூங்கில் கூடையை நீளத் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு பெண்மணி வருவார். கூடை நிறைய மஞ்சள், பழுப்பு, கரும்பச்சை நிறங்களில் பாட்டில்கள். ஊரார் அவரை ‘ம்போக் ஜாமு’ என்கிறார்கள். ‘ம்போக்’ என்றால் ஜாவா மொழியில் அம்மா. கூடையை இறக்கி வைத்து, யாருக்கு என்ன தொந்தரவு என்று கேட்பார். அதற்கேற்ப இரண்டு மூன்று பாட்டில்களில் இருந்து ஊற்றிக் கலந்து ஒரு டம்ளரை நீட்டுவார்.

ஜாமு என்பது ஜாவாவின் மூலிகை பானம். 2023 டிசம்பரில் ஜாமு பண்பாட்டை, மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. இன்று யோக்யகர்த்தா நகருக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், அரண்மனையையும் போரோபுதூர் புத்தத் தலத்தையும் பார்த்த கையோடு ஜாமுவையும் தேடிப் போகிறார்கள்.

கூடைக்குள் என்ன?

பாட்டில்களின் பெயர்தான் புதிது. உள்ளே இருக்கும் சரக்கு பலவும் நம் அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் பார்த்தவைதான். மஞ்சளும் புளியும் சேர்ந்தது ‘குனிர் அசெம்’. ஊறவைத்த அரிசியையும் கச்சோலக் கிழங்கையும் அரைத்து வெல்லம் கலந்தால் ‘பெராஸ் கென்சூர்’. குழந்தைகளும் விரும்பிக் குடிப்பது இது. உடல்வலிக்கு, ஜாவாத் திப்பிலி சேர்த்த ‘சாபே புயாங்’. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குத் தனியாக ‘உயுப் உயுப்’.

எல்லாவற்றிலும் கசப்பானது ‘பஹிதான்’. அதில் இருப்பது, டெங்கு காலத்தில் தமிழ்நாட்டில் எல்லோரும் முகம் சுளித்துக் குடித்த அதே நிலவேம்பு! ஆனால், ஜாவாவில் ஒரு சலுகை உண்டு. கசப்பை விழுங்கியதும் வாய் கசப்பு தீர, இனிப்பான ஜாமு ஒரு மடக்கு கொடுப்பார்கள்.

பலாப்பிஞ்சு விருந்து

ஜாமு குடித்தால் பசிக்கும். பசித்தால் யோக்யகர்த்தாவில் ‘குடெக்’. பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பால், வெல்லம், மசாலாவோடு மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். கூடவே தேக்கிலையைப் போடுவதால் செம்பழுப்பு நிறம் ஏறுகிறது. நாக்கில் முதலில் தட்டுப்படுவது இனிப்புதான். குழம்பு என்றால் காரம் என்று பழகியவர்களுக்கு முதல் கவளம் திகைப்பாக இருக்கும்.

அரண்மனைக்குப் பக்கத்தில் உள்ள விஜிலான் தெருவில் வரிசையாக குடெக் கடைகள். ஊருக்கு எடுத்துப் போக, மண்சட்டியிலோ மூங்கில் பெட்டியிலோ கட்டித் தருவார்கள். சைவர்கள் கவனிக்க: இதனுடன் பரிமாறும் காரமான ‘கிரெசெக்’, மாட்டுத் தோலில் செய்வது. முட்டையும் கோழியும்கூட தட்டில் வரும். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

‘குப்பை’ பானம்

நகருக்குத் தெற்கே இமோகிரி மலையில் மாதராம் அரச வம்சத்தின் கல்லறைகள் உள்ளன. படியேறி இறங்கிய களைப்புக்கு அடிவாரத்தில் கிடைப்பது ‘வேடாங் உவுஹ்’. ‘உவுஹ்’ என்றால் குப்பை! இஞ்சி, கிராம்பு இலை, பட்டை இலை எல்லாம் டம்ளரில் சருகாக மிதப்பதால் இந்தப் பெயர். சிவப்பு நிறம் தருவது, கேரள ஓட்டல்களில் குடிநீரைச் சிவப்பாக்கும் அதே பதிமுகக் கட்டை. கற்கண்டு போட்டு, சூடாகக் குடிக்க வேண்டும்.

நாளை யார் அரைப்பது?

கூடைக்காரப் பெண்கள் விற்கும் ஜாமுவில் கெட்டுப்போகாமல் இருக்க எதையும் சேர்ப்பதில்லை. இன்று செய்தது இன்றே விற்றாக வேண்டும். அதனால் விடியும் முன்பே எழுந்து, கிழங்கைக் கழுவி, இடித்து, பிழிந்து, காய்ச்சி முடிக்க வேண்டும். பிறகு பாரத்தைச் சுமந்து நடக்க வேண்டும். தொழிற்சாலையில் செய்த ஜாமுப் பொடி பாக்கெட்டில் வந்துவிட்டது. பலர் கூடையை விட்டு சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாறிவிட்டார்கள். படித்த மகள்கள் இந்த வேலைக்கு வருவார்களா என்பது பல வீடுகளில் கேள்வி.

இங்கேதான் சுற்றுலா கைகொடுக்கிறது. யோக்யகர்த்தாவுக்கு அருகே பன்துல் மாவட்டத்தில் உள்ள கிரிங்கான், ஜாமு செய்யும் பெண்களின் கிராமம். இப்போது ஜாமு சுற்றுலா கிராமமாகவும் இருக்கிறது. வருகிறவர்கள் தாங்களே கிழங்கை இடித்து, பிழிந்து, குடித்துப் பார்க்கலாம். அம்மாவிடம் மகள் கற்ற கைப்பக்குவத்துக்கு இப்படி இன்னொரு வருமானமும் கிடைக்கிறது.

யுனெஸ்கோ பட்டியல் பெருமை தரும். அடுப்பை எரிய வைப்பது, அன்றாடம் விற்கும் டம்ளர்கள்தான். கூடையோடு நிற்கும் அம்மாவை செல்போனில் படம் எடுத்துவிட்டு நகரும் பயணிகள் உண்டு. காசு கொடுத்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, பிறகு படம் எடுக்கலாமா என்று கேட்டால், இருவருக்கும் நிறைவு.

ஒரு எச்சரிக்கை: கர்ப்பிணிகளும், தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஜாமு குடிக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ‘பெராஸ் கென்சூர்’ டம்ளரில் தொடங்கலாம். ‘பஹிதான்’ குடிக்கத் துணிந்தால், பின்னாலேயே வரும் இனிப்பு மடக்கை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்!