கொசுறு



கடந்த அக்டோபரில், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் திருவிழாவை ஒட்டி வளர்ப்புப் பிராணிகளை மந்திரித்தோம் அல்லவா? அன்று நான் செய்த தவறு ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மறையுரையில் சொல்லியிருக்கலாம், ஆனால் இதில் கோழிக்குஞ்சு, துணி, நகவெட்டி என்று பல விவரங்கள் வருகின்றன. பீடத்தில் நின்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பொறுமையோடு வாசியுங்கள்.

அன்று வரிசையில் நாய்களும் பூனைகளும் ஓர் ஆமையும் வந்தன. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் வெறுங்கையோடு நின்றான். தந்தையின் கைப்பேசியை என்னிடம் நீட்டி ஒரு காணொளியைக் காட்டினான். அவர்கள் வீட்டுக் கார் கொட்டகையில் லவ் பேர்ட்ஸ் ஜோடி ஒன்று ஐந்து குஞ்சுகள் பொரித்திருந்தது. பத்து நாள் குஞ்சுகள். நான்கு, கால்களை வயிற்றுக்கடியில் மடக்கிக் கூடியிருந்தன. ஐந்தாவதன் கால்கள் மட்டும், தவளை நீந்துவதுபோல, இரு பக்கமும் விரிந்து கிடந்தன. "ஃபாதர், இது ஏன் இப்படி இருக்கு?" என்றான். "குஞ்சுதானே தம்பி, வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லி, கைப்பேசியின் மேலேயே சிலுவை அடையாளம் வரைந்து அனுப்பிவிட்டேன். பின்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள்.

அது வளர்ந்தது, சரியாகவில்லை.

நவம்பர் நடுவில், அந்த வீட்டுப் பாட்டியம்மாவுக்கு நற்கருணை கொண்டு சென்றபோதுதான் அதை நேரில் கண்டேன். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து மகனோடு வந்து மேற்கு சிட்னியில் குடியேறியவர் அவர். கூண்டின் மூலையில், நெஞ்சு தரையில் உரச, அந்தக் குருவி கிடந்தது. ஒரு கால் முற்றிலும் பக்கவாட்டில், மற்றொன்று பாதி. மற்ற நான்கையும் நண்பர்கள் வாங்கிச் சென்றுவிட்டார்கள். ஐந்தாவதைக் கொசுறாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தகப்பனார் ஒருவரிடம் விளையாட்டாகச் சொல்ல, பையன் அன்றிரவு சாப்பிடவில்லையாம். பாட்டியம்மா அதற்குக் கொசுறு என்றே பெயர் வைத்துவிட்டார். பெயரின் காரணம் நீங்களும் அறிந்ததே: மத்தேயு நற்செய்தியில் இரண்டு குருவிகளுக்கு ஒரு காசு, லூக்காவில் ஐந்துக்கு இரண்டு காசு. கணக்குப் போட்டால் ஐந்தாவது குருவி இலவசம். இதை நான்தான் எப்போதோ ஒரு மறையுரையில் சொல்லியிருக்கிறேன். பாட்டியம்மா மறக்கவில்லை.

மறுவாரம் பறவைகளுக்கென்றே பயின்ற மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். நானும் உடன் போனேன். ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபின் அவர் சொன்னது இதுதான்: முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் வந்திருந்தால் பெரும்பாலும் திருத்தியிருக்கலாம். அப்போது எலும்பு இளகியிருக்கும். இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் நிறுத்தி, மென்மையான ஒட்டுநாடாவாலோ, இரண்டு துளையிட்ட சிறு பஞ்சுத்துண்டாலோ பிணைத்து வைப்பார்கள். குஞ்சு வேகமாக வளர்வதால் கட்டை அடிக்கடி தளர்த்தி மாற்ற வேண்டும். விரல்கள் வீங்குகின்றனவா, நிறம் மாறுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதற்கட்டை மருத்துவரோ பழகிய கைகளோ போடுவதே நல்லது. குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். அதற்குள் எலும்பு இறுகிவிடும். பிறகு கட்டுவது வேதனை தருமேயன்றிப் பயன் தராது.

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஃபாதர் சரியாகிவிடும்னு சொன்னாரே" என்றான். குற்றஞ்சாட்டும் குரல் அல்ல. ஐயம் கேட்கும் குரல். எனக்கு அதுவே அதிகமாக வலித்தது. அறியாததை அறியேன் என்று சொல்லியிருந்தால் அவன் தந்தை அன்றே யாரையாவது விசாரித்திருப்பார். என் ஆறுதல் சொல் அந்தக் குருவியின் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டது.

காரணத்தையும் மருத்துவர் விளக்கினார். தகப்பனார் தச்சுவேலை அறிந்தவர். கூட்டுப்பெட்டியை வெகு நேர்த்தியாகச் செய்திருந்தார். அடிப்பலகை சமதளம், வழவழப்பு. தூய்மைக்காக மரச்சீவலையும் நீக்கிவிட்டிருந்தார். வழுக்கும் தரையில் குஞ்சின் கால்கள் ஊன்ற இடமின்றிச் சறுக்கிக்கொண்டே போகும்; மேலே தாய் அழுத்தி அமர்ந்தால் இன்னும் விரியும். தாய்ப்பறவை தினையை மட்டுமே தின்று சுண்ணாம்புச்சத்துக் குறைந்திருந்தால் குஞ்சின் எலும்பும் வலுவற்றிருக்கும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸுக்கு மண்கலயம் கட்டித் தொங்கவிடுவோமே, அதன் குழிந்த அடி குஞ்சுகளை நடுவில் சேர்த்து வைக்கும். காட்டில் இப்பறவை யூக்கலிப்டஸ் மரப்பொந்துகளில் முட்டையிடுகிறது; அங்கே மரத்தூளே மெத்தை. ஆகவே, பெட்டி வைத்திருப்போர், அடிப்பலகை கிண்ணம்போல் குழிந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மேலே மரச்சீவலைப் பரப்புங்கள்.

காட்டில் என்றேன். நாம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று அழைத்து வந்தது இந்த மண்ணின் பறவையைத்தான். இங்கே அதைப் பட்ஜரிகர் என்பார்கள். நியூ சவுத் வேல்ஸின் கமிலராய் மக்கள் மொழியிலிருந்து வந்த பெயர் என்று சொல்லப்படுகிறது. 1805இல் ஜார்ஜ் ஷா அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1840இல் ஜான் கோல்ட் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து உலகெங்கும் பரவி, நம் ஊர்க் கூண்டுகளிலும் வந்து அமர்ந்தது. இந்த நாட்டில் குடியேறியவர்கள் நாம், குருவி அல்ல.

இனி, அதை வீட்டில் எப்படிப் பேணுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். இப்போது மாற்றப்படுவது கால் அன்று, கூண்டு. உயரமான கூண்டைக் கொடுத்துவிட்டு அகலமான, தாழ்ந்த ஒன்றை வாங்கினார்கள். கம்பைப் பற்ற இயலாத பறவைக்குக் கம்பு எதற்கு? உள்ளங்கை அகலப் பலகைகளைத் தாழ்வாகப் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறச் சரிவுப் பாலமும் சிறு ஏணியும் தகப்பனார் ஒரே இரவில் செய்து முடித்தார். அதன்மேல் வழவழப்பான ஃபிளீஸ் துணி. குளியல் துண்டு கூடாது, அதன் நூல் வளையங்களில் நகம் சிக்கிக்கொள்ளும். துணியின்மேல் சமையலறைக் காகிதம் விரித்துக் காலையும் மாலையும் மாற்றுகிறார்கள். எச்சத்தில் கிடந்தால் நெஞ்செலும்பின் தோலும் கணுக்காலும் புண்ணாகும். அழுத்தப் புண் வந்துவிட்டால் ஆற்றுவது கடினம். ஆகவே நாள்தோறும் தூக்கி நெஞ்சையும் பாதத்தையும் பார்க்க வேண்டும், வாலடி அழுக்காயிருந்தால் வெதுவெதுப்பான நீரில் துடைக்க வேண்டும். தீனியும் நீரும் தரைமட்டத்தில், ஆழமற்ற தட்டில்.

கம்பில் உரசாத நகம் நீண்டு வளைந்துவிடும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டுகிறார்கள். இரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்து அழுத்துகிறார்கள். பாட்டியம்மா காலையில் சமையலறைத் தராசில் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதுகிறார். 34 கிராம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திராமல் வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். பறவை தன் நோயை மறைத்துக்கொள்ளும். சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும்போது நோய் முற்றியிருக்கும். தராசு அதற்கு முன்பே சொல்லிவிடும்.

சுண்ணாம்புச்சத்துக்காகக் கணவாய் ஓடு வாங்கி வந்தார்கள். பாட்டியம்மா அதைக் கையில் வாங்கிச் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சாமி, கரையில மிதிச்சுட்டுப் போற கடல்நுரைய இங்க அட்டையில ஒட்டி வச்சு விக்கிறாக!" சுண்ணாம்பு உடலில் சேர வெயிலும் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது; தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலையில் கூண்டை முற்றத்தில் வைக்கிறார்கள், பாதிக்கு நிழல் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் அமர்ந்து. புட்சர் பேர்ட் கூண்டுக் கம்பி வழியாகவே குருவியைக் குத்திவிடும்.

நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை. நான்ஸ்டிக் தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் வைத்து அதிகமாகச் சூடேற்றிவிட்டால் அதிலிருந்து எழும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. சாம்பிராணி, கொசுவர்த்தி, மணத்தெளிப்பான்கள் எல்லாமே அதன் நுரையீரலுக்குப் பகை. வெண்ணெய்ப்பழமாகிய அவகாடோவும் நஞ்சு. கூண்டு சமையலறைக்கு அருகில் இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். சாம்பிராணி போட வேண்டுமென்றால் வேறு அறையில், சன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள். பாதிரியாரே இப்படிச் சொல்கிறாரே என்று எண்ணாதீர்கள்.

"பென்குயின் ப்ளூம்" திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2013இல் தாய்லாந்தில் கீழே விழுந்து நெஞ்சுக்குக் கீழே உணர்விழந்த சாம் ப்ளூமின் வீட்டில், நம் சிட்னியின் வடகடற்கரைப் பகுதியில், அடிபட்ட மாக்பை குஞ்சொன்று வளர்ந்த உண்மைக் கதை. அதைப் பார்த்துவிட்டுக் காட்டுப் பறவைகளை வீட்டுக்குள் எடுத்து வைக்காதீர்கள். பட்ஜரிகரை வளர்க்க இங்கே உரிமம் தேவையில்லை; அடிபட்ட மாக்பையையோ லோரிகீட்டையோ கண்டால் வயர்ஸ் போன்ற வனவுயிர் மீட்பு அமைப்பினரை அழைக்க வேண்டும்.

மருத்துவர் இன்னொன்றும் கேட்டார். துன்பமின்றி உறங்க வைத்துவிடும் வழியும் உண்டு, அதை விரும்புகிறீர்களா என்று. தகப்பனார் என்னைப் பார்த்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2418ஆம் எண் நினைவுக்கு வந்தது. விலங்குகளை வீணாகத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது அது. அதே எண்ணில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்றும் இருக்கிறது. முன்னதைத் திருவிழாவில் சொல்வேன். பின்னதை எளிதில் சொல்வதில்லை. இம்முறை அவசரப்பட்டு வாய் திறக்கவில்லை. வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் திருப்பிக் கேட்டேன். இப்போது இல்லை, தானாகத் தின்கிறது, பறக்கிறது, குரல் கொடுக்கிறது, புண் வந்து ஆறாவிட்டால் மறுபடி பேசுவோம் என்றார். அதுவே முடிவாயிற்று. கட்டணம் புதிதாகப் பல குருவிகள் வாங்கப் போதுமானது.

வீடு திரும்பியபின் பாட்டியம்மா என்னிடம் மெல்லச் சொன்னார்: "குருவிக்கு ஒரே ராத்திரில ஏணி வந்துட்டு சாமி. குளியலறையில ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லி நானும் ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்." மகன் தலைகுனிந்தார். "வாடகை வீடும்மா, சுவத்துல ஓட்டை போட ஏஜென்ட் விடணுமே" என்றார். பொய் அல்ல. ஆனால் ஏஜென்டிடம் இதுவரை கேட்டதில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார். அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. இடுப்பில் அடிபட்டதிலிருந்து அந்த அம்மா ஏன் திருப்பலிக்கு வருவதில்லை என்று நானும் கேட்டதில்லை. மாதந்தோறும் நற்கருணை கொண்டு போவதோடு என் கடமை முடிந்ததென்றிருந்தேன். நாம் கூடும் ஆலயத்தின் வாயிலில் மூன்று படிகள். பக்கவாட்டில் சரிவுப் பாதை இருக்கிறது. அதன் கதவு ஞாயிறு மாலையில் பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது தெரியும். திருப்பலிக்கு அரைமணி நேரம் முன்னதாக அது திறந்திருக்கும். நடைதாங்கியோடு வீட்டிலேயே இருந்துவிடும் பெற்றோர், பிறவியிலேயே கால் நலிந்த பிள்ளைகள், "எல்லாரும் பார்ப்பார்கள்" என்று நீங்கள் அழைத்து வராதவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். காரிலிருந்து இறங்கக் கை கொடுக்க இளைஞர் இருவர் நிற்பார்கள்.

கைப்பிடி சென்ற வெள்ளியன்று பொருத்தப்பட்டது. ஏஜென்ட் இரண்டே நாளில் அனுமதி தந்துவிட்டாராம். கொசுறு இவ்வாரம் 35 கிராம். சனிக்கிழமை அதற்கு நகம் வெட்டும் நாள். தகப்பனாருக்கு அன்று வேலை, பாட்டியம்மாவுக்குக் கை நடுங்கும். துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள நான் வர வேண்டும் என்று பையன் சொல்லிவிட்டான். நெஞ்சை அழுத்திவிடக் கூடாதாம், பறவைக்கு மூச்சு முட்டுமாம். இருமுறை சொல்லி அனுப்பினான்.