பதினொண்ணு சேர்ந்தால் பத்து!

1995-ல் ஆபீஸ் வேலையாக என்னை சிகாகோவுக்கு அனுப்பியிருந்தார்கள். பக்கத்து சீட்டில் ஓர் அமெரிக்கர். தங்கமான மனுஷர். ஒரே ஒரு வியாதிதான்... தான் படித்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் டீம்!

(ஃபுட்பால் என்றதும் மாரடோனாவை நினைக்காதீர்கள். இது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற ரகம். பந்தைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான்!)

அந்த டீமின் சரித்திரம் சோக சரித்திரம். 1979-லிருந்து 1982 வரை தொடர்ந்து 34 தோல்வி! இவர் காலேஜில் சேர்ந்ததும் 1979-லாம். 'ராசியான ஆள்தான்' என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் ஆடும் லீகுக்கு 'பிக் டென்' என்று பெயர்.

"பத்து டீமா சார்?"

"பதினொண்ணு. 1993-ல ஒண்ணு புதுசா சேர்ந்தது. பெயரை மாத்தலை."

கணக்கில் என் தம்பியை மிஞ்சிவிடுவார்கள் போலிருந்தது!

அந்த செப்டம்பரில், எடுத்த எடுப்பிலேயே நோட்ரடாம் அணியை, அவர்கள் ஊரிலேயே 17-15 என்று சாய்த்தார்கள். மனுஷர் ஆபீஸ் முழுக்க டோநட் விநியோகித்தார். அடுத்த மேட்ச், ஒஹையோவின் மயாமி பல்கலைக்கழகத்துடன். 28-7 என்று முன்னணியில் இருந்துவிட்டு, 28-30 என்று தோற்றார்கள். பழைய குருடி கதவைத் திறடி!

அதே வாரம் அப்பாவிடமிருந்து கடிதம். தம்பி பி.எஸ்ஸி. கணக்கில் மூன்றாவது முறையாக பெயில். எனக்கு வந்ததே கோபம்... 'உனக்குப் படிப்பு வராது. பேசாமல் சித்தப்பா கடையில் பொட்டலம் கட்டு' என்று தம்பிக்கு எழுதி, உறையில் போட்டு ஒட்டினேன். ஸ்டாம்ப் வாங்கச் சோம்பல். கடிதம் டிராயரில் தூங்கியது.

அதற்குள் அந்த டீமுக்கு என்ன ஆச்சோ... அக்டோபர் 7-ம் தேதி மிச்சிகனை 19-13! லீகில் எட்டு மேட்ச், எட்டும் வெற்றி! ஆனாலும் ஒரு சிக்கல். தோல்வியே காணாத ஒஹையோ ஸ்டேட்டுடன் அந்த வருஷம் இவர்களுக்கு மேட்சே கிடையாது. அது மிச்சிகனிடம் தோற்றால் கோப்பை இவர்களுக்கு மட்டும். ரோஸ் பௌல் போட்டியும் நிச்சயம்.

நவம்பர் 25. அவர் வீட்டு டி.வி. முன் நானும் உட்கார்ந்திருந்தேன். மிச்சிகன் 31, ஒஹையோ ஸ்டேட் 23!

மனுஷர் குதிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"34 தடவை தோத்தப்பவும் மேட்சுக்குப் போனீங்களா சார்?"

"போகாம? ஜெயிச்சா மட்டும் போறதுக்கு அவங்க என்ன வேத்து மனுஷங்களா? எங்க பசங்கப்பா!"

ரூமுக்கு வந்ததும் டிராயரைத் திறந்து அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். 'எத்தனை தடவை வேணும்னாலும் எழுது. ஃபீஸ் நான் கட்டறேன்' என்று வேறொன்று எழுதி, மறுநாளே ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டேன்.

1949-க்குப் பிறகு முதல் முறையாகப் போன ரோஸ் பௌலில், 1996 ஜனவரி 1 அன்று 41-32 என்று தோற்றார்கள். தம்பியும் அடுத்த தடவை பெயில்தான். அதற்கடுத்த தடவை பாஸ். மார்க்? ஜஸ்ட் பாஸ்!

இன்று அந்த 'பத்து'வில் 18 டீம். பெயரை இன்னும் மாற்றவில்லை.

போன வாரம் தம்பி போன் பண்ணினான்.

"அண்ணா, பையனுக்கு ரெண்டு அரியர். பேசாம ஒரு கடை வச்சுக் கொடுத்துடலாமானு பார்க்கறேன்..."

"டேய், போனை வச்சுடாதே. 34 தடவை தோத்த கதை ஒண்ணு இருக்கு. மொதல்ல அதைக் கேளு" என்றேன்.