கடல்நீரை அளந்த பெண்ணும் ஆதாரம் கேட்பவர்களும்

குடிநீர் கெட்டுக் கிடக்கிறது என்று மனு எடுத்துப் போகும்போதெல்லாம் எங்களிடம் முதலில் கேட்பது, "ஆதாரம் இருக்கா?" என்றுதான். நாங்களே பரிசோதித்துக் கொண்டுபோனால், "இதை யாரு பார்த்தது?" என்பார்கள். அதனால்தான் காட்சுகோ சருஹாஷி என்ற ஜப்பானிய வேதியியலாளரின் கதை எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை.

1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி பவளத்தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. கதிரியக்கச் சாம்பல் ரோங்கெலாப் தீவு மக்கள் மீதும், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர் மீதும் விழுந்தது. அந்த மீனவர்களில் ஒருவர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். பசிபிக் மிகப் பெரிய கடல், எல்லாம் கரைந்துவிடும் என்று சமாதானம் சொன்னார்கள்.

கரைந்ததா என்று சருஹாஷி அளந்து பார்த்தார். லேசான வேலை அல்ல. கடல்நீரில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 உண்டு. லிட்டருக்குச் சுமார் 12 பெக்கெரல். குண்டிலிருந்து வந்த சீசியம்-137 அதைவிட மிக மிகக் குறைவு. நிறைய நீர் எடுத்து, சீசியத்தை மட்டும் பிரித்த பிறகுதான் கதிர்வீச்சை எண்ண முடியும். ஜப்பானை ஒட்டிய கடலில் அவர் கண்ட அளவு, அமெரிக்கர்கள் தங்கள் கரையோரம் கண்டதைவிட அதிகம். அளவீடே தவறாக இருக்கும் என்று சந்தேகித்தார்கள்.

1962இல் அவர் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்கே போனார். ஒரே நீரை அவரும் அங்கிருந்த தியோடர் ஃபோல்சமும் தத்தம் முறையில் அளந்தார்கள். முடிவுகள் ஒத்துப்போயின. அவர் அளந்தது சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கே கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் உலையை நடத்துவதும், சுற்றியுள்ள கடல்நீரையும் மீனையும் அளப்பதும் ஒரே அணுசக்தித் துறையின் அமைப்புகள். அந்த எண்கள் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. சருஹாஷியிடம் கேட்ட அதே சோதனையைத்தான் கேட்கிறோம். எடுக்கிற நீரில் பாதியை, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்துக்குக் கொடுங்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதிக் கொடுங்கள். கரையில் வலை இழுப்பவர்களும் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களும் படிக்கும்படி, இரண்டு எண்களையும் ஊர்ச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள்.

அதைச் செய்துவிட்டு, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறோம்.