கிணற்று மேட்டு வேலை

விலங்கு மீட்புக் குழுவில் சேர வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மாடு கிணற்றுக்குள் கத்துகிறது, கையில் கயிறு இருக்கிறது, என்ன செய்வாய்? "இறங்கிடுவேங்க ஐயா" என்று சட்டென்று சொல்கிறவனை உடனே கயிற்றுப் பக்கம் விடமாட்டேன். கண்ணு, உன்னையும் அப்படித்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேள்.

நம் கொங்குச் சீமையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளுக்குப் பஞ்சமே இல்லை. போர் போட்டவர்கள் பலர் பழைய கிணற்றை மூடாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அதில் மேய்ச்சல் மாடு விழும், ஆடு விழும், நாய் விழும். காப்பாற்ற ஒருவர் இறங்குவார். அடிக்குப் போனதும் மயங்கிச் சரிவார். அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ இறங்குவார். ஒரு கன்றுக்குட்டிக்காக ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போன செய்திகளை நீயும் படித்திருப்பாய்.

பாழுங்கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்கிக் கிடக்கும். காற்றைவிடக் கனம் என்பதால் லேசில் மேலே வராது. போதாக்குறைக்குத் தண்ணீரை இறைக்கிறேன் என்று ஆயில் எஞ்சினை உள்ளேயே இறக்கி ஓட்டுவார்கள். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. அந்தக் காலத்தில் லாந்தரை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால் ஆள் இறங்குவார்கள். பெரியவர்கள் சொன்னது என்பதற்காக அதை நம்பாதே. கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும். வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி விட்டுப் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், மூச்சுக் கருவியோடு தீயணைப்புக்காரர்கள் வரும்வரை யாரும் இறங்கக் கூடாது. மாடு கத்தினாலும் சரி, மாட்டுக்காரம்மா காலில் விழுந்து அழுதாலும் சரி. இந்த வேலையிலேயே கடினமானது அந்த நேரத்தில் மேலே நிற்பதுதான். முடிச்சுப் போடுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம், இதற்கு வருடக்கணக்காகும்.

சரி, தூக்குவதற்கு வருவோம். நாட்டு மாடோ கலப்பினமோ, 400 கிலோ என்று வைத்துக்கொள். கழுத்திலும் கொம்பிலும் கயிறு போட்டு இழுக்கிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மாடு மேலே வரும், உயிரோடு வருமா என்பது வேறு பேச்சு. வயிற்றுக்கு அடியில் அகலமான பட்டை போட வேண்டும். தீயணைப்பு வண்டியின் ஹோஸே போதும். முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, மடியை அழுத்தாமல் பின்னங்காலுக்கு முன்னால் ஒன்று. ஒரு எடையை இரண்டு கயிறு பிடித்திருந்தால் ஆளுக்குப் பாதி என்று நினைப்பாய். இரண்டுக்கும் நடுவே கோணம் 120 டிகிரிக்கு விரிந்தால் ஒவ்வொரு கயிறும் முழு எடையைத் தாங்க வேண்டிவரும். ஆகையால் கயிற்றை நீளமாக விட்டுக் கொக்கியை உயரத்தில் வை. பள்ளிக்கூடத்தில் சைன், காஸ் எல்லாம் எதற்கென்று கேட்டாயே, இதற்குத்தான். மேலே வந்த மாட்டை ஒருக்களித்துக் கிடக்கவும் விடாதே. ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பிப் போய்விடும். நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, 1962-க்கு அழைத்துக் கால்நடை மருத்துவரை வரவழை.

காட்டு விலங்கு என்றால் வனத்துறைதான். 2020 நவம்பரில் தருமபுரி மாவட்டம் பஞ்சப்பள்ளிப் பக்கம் யானை கிணற்றில் விழுந்தபோது, மயக்க ஊசி போட்டுக் கிரேனில் தூக்க அரை நாளுக்கு மேல் ஆனது. சிறுத்தை விழுந்தால் சில நேரம் ஏணியை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் விலகிப் போவதே மீட்பு. ஆள் இல்லை என்று தெரிந்தால் தானே ஏறிப் போய்விடும். ஆனால் ஊர்ச் சனம் விலகுமா? கிணற்றுக்குள் ஓர் உயிர் என்றால் நமக்குத் திருவிழா மாதிரி. விளிம்பு மண் சரிந்து ஆளும் விழுவார்கள், சத்தத்தில் விலங்கும் மிரளும்.

அதனால் உன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுகிற தடுப்பூசியைப் போட்டுக்கொள். பிறகு கடி பட்டாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மறுபடி ஊசிக்குப் போக வேண்டும். முன்பே போட்டாயிற்று என்று வீட்டில் இருந்துவிடாதே. உங்கம்மாவிடம் நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஷூ போட்டுக்கொண்டு வா. ஊருக்குள் அழைப்பு வந்தால் கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, செல்போனோடு எட்டிப் பார்க்கிறவர்களைப் பின்னால் தள்ளி நிறுத்துவது உன் பொறுப்பு. உன் தாய்மாமனே வந்து நின்றாலும் நகரச் சொல்.