கைமணம்

"அது அவர் கைமணம்; நமக்கு வராது" என்னும் பேச்சு எழாத தமிழர் இல்லம் இல்லை. பாராட்டாகத் தோன்றும் இச்சொல் ஒரு கதவைச் சாத்திவிடுகிறது. சுவைபடச் சமைத்தல் பிறவிக் கொடை எனக் கொண்டால் அதனைக் கற்கவும் வேண்டுவதில்லை, கற்பிக்கவும் வேண்டுவதில்லை. மூத்தவர் ஒருவர் மறையும்போது அவருடைய குழம்பும் உடன் மறைந்துவிடுகிறது. இவ்விழப்பு தவிர்க்க இயலாததா? அன்று என்பதே என் துணிபு.

நான் வளர்ந்த ஊர் பிரிக்பீல்ட்ஸ். 1881இல் நெருப்பும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்த பின்னர், நகரைச் செங்கல்லால் எழுப்புவதற்குச் சூளைகள் அமைந்த இடம் அது. பிற்காலத்தில் இரயில்வே ஊழியர் குடியிருப்பாய் விளங்கிற்று. தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் அங்கே அண்டை வீட்டாராய் வாழ்ந்தனர். ஒரே சந்தையில் வாங்கிய மீன். ஒரே கடையில் வாங்கிய மல்லியும் மிளகாயும். எனினும் எங்கள் வீட்டுக் குழம்புக்கு ஒரு சுவை, அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அம்மையாரின் குழம்புக்கு வேறொரு சுவை. என் தாயார் ஒருநாள் வேலியருகே நின்று காரணத்தைக் கேட்டே விட்டார்.

"அப்படி என்னதான் போடுறீங்க, அக்கா?"

"புதுசா ஒண்டும் இல்லை, தங்கச்சி. மல்லியையும் மிளகாயையும் வறுத்துத்தான் இடிக்கிறனான். மணம் எழும்பும் வரைக்கும் அடுப்பை விட்டு அசைய மாட்டன்."

அம்மறுமொழியில் ஒரு பாடமே அடங்கியிருந்தது. சேர்க்கும் பொருளினும், சேர்க்கும் வரிசையும் காத்திருக்கும் பொறுமையுமே சுவைக்கு அடிப்படை.

தாளிப்பை எண்ணிப் பாருங்கள். சீரகம், கறிவேப்பிலை முதலியவற்றின் மணப்பொருள்கள் நீரைவிட எண்ணெயில் நன்கு கரைவன. ஆதலால் கொதிக்கும் குழம்பில் அவற்றை வெறுமனே தூவுவதைவிட, சூடான எண்ணெயில் பொரியவிட்டுச் சேர்த்தால் மணம் எங்கும் பரவுகிறது. வெங்காயமும் இத்தகையதே. அதில் நீர் உள்ளவரை சூடு ஏறத்தாழ 100 பாகையைத் தாண்டுவதில்லை. நீர் வற்றிச் சூடு ஏறிய பின்னரே பொன்னிறமும் நறுமணமும் தோன்றும். பிரெஞ்சு அறிவியலார் லூயி கமில் மயார் 1912இல் விளக்கிய வேதிவினையும் இந்நிற மாற்றத்தில் பங்கு கொள்கிறது. பருப்பு வேகுமுன் புளியை ஊற்றாதே என்று பாட்டிமார் தடுப்பதும் வீண் கட்டளையன்று. புளிப்பு, பருப்பு இளகுவதைத் தாமதப்படுத்தும்.

கீரைச் சாற்றில் ஒரு பிடி காய்ந்த நெத்திலியை இடுவது நம் நாட்டு வழக்கம். கடற்பாசிச் சாற்றிலுள்ள தனிச்சுவைக்குரிய பொருளை ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகெடா 1908இல் பிரித்தறிந்தார். அதே சுவை தரும் வேறொரு பொருளை அவர் மாணவர் சின்தாரோ கொடாமா 1913இல் காய்ந்த மீனில் கண்டறிந்தார். ஆய்வுக்கூடம் விளக்கியதை அடுப்படி முன்பே அறிந்திருந்தது. காரணம் சொல்லத்தான் அது பழகவில்லை.

2001இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது; 2010இல் துன் சம்பந்தன் சாலைப் பகுதி 'லிட்டில் இந்தியா' எனப் பொலிவு பெற்றது. மளிகைக் கடைகளில் பொட்டலத் தூள்கள் அடுக்கடுக்காய் நிற்கின்றன. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீட்டில் அவற்றைக் குறைகூறுதல் அறமாகாது. அத்தூளையும் சிறுதீயில், எண்ணெயில், பச்சை வாடை நீங்கும்வரை வதக்கினால் சுவை கூடும். ஆனால் எல்லா இல்லங்களிலும் ஒரே பொட்டலத்தின் சுவையே நிலவுமாயின், வீட்டுக்கு வீடு இருந்த தனித்தன்மை என்னாவது?

அடுத்த வீட்டு அம்மையார் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, அயல்நாட்டில் வாழும் அவர் மகளிடமிருந்து என் தாயாருக்கு ஒரு மடல் வந்தது. தன் அன்னையின் தூளுக்குரிய பக்குவத்தை எழுதியனுப்புமாறு அவள் வேண்டியிருந்தாள். பெற்ற மகளுக்குக் கிட்டாதது, வேலியருகே நின்று கேட்டவரிடம் பத்திரமாய் இருந்தது! என் தாயார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அளவுகளை எழுதுவது எளிதாயிருந்தது. "மணம் எழும்பும் வரை" என்பதை எழுதத்தான் ஒரு பக்கம் தேவைப்பட்டது. மல்லி எந்நிறம் கொள்ளும், எப்போது வெடிக்கும், எப்போது சட்டியை இறக்காவிடில் கசக்கும் என்றெல்லாம் விளக்க வேண்டியிருந்தது.

இத்தகைய முயற்சி நமக்குப் புதிதன்று. மீனாட்சி அம்மாள் தம் சமையலறிவை எழுத்தாக்கி, 'சமைத்துப் பார்' என்னும் நூலை 1951இல் வெளியிட்டார். ஆசிரியப் பெருமக்கள் இவ்வழியைத் தம் வகுப்புக்குக் கொண்டுவரலாம். மாணவர்தம் பாட்டியிடம் ஒரு குழம்பைக் கேட்டு எழுதி வரட்டும். என்ன, எவ்வளவு என்பதோடு நில்லாமல் எப்போது, எதுவரை, ஏன் என்றும் கேட்கட்டும். ஆண் பிள்ளைகளும் கேட்கட்டும். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் நல்ல தலைப்பு உண்டோ? கைமணம் கற்றுக்கொள்ளத்தக்க கல்வி; கேட்பார் உள்ளவரையே அது வாழும்.